கேட்காமல் மாற்றவிடாத அமலோற்பவம்

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. காலையில் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில் ஆட்டையாம்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ‘அமலா மேடம்’ என்று பெயர் வந்ததும், தாமதத்தைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே, “பஸ்ஸை இன்னைக்கு உருட்டறானுங்க மேடம், இதோ வாரேன்” என்றேன். அந்தப் பக்கம் ஆண்குரல் கேட்டது. “நான் அவங்க தம்பி பேசறங்க” என்றார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார். கடைசியாகப் பேசிய எண் என்னுடையதாக இருந்ததால் எனக்கு முதலில் சொன்னாராம். நான் “சரிங்க, சரிங்க” என்றேன். சாவுச் செய்திக்குச் சரி என்று பதில் சொன்னது கொண்டலாம்பட்டி வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அமலோற்பவம் என்பது முழுப்பெயர். அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் சாலைமேல், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். வண்டியைச் சரக்கோடு ஏற்றி எடை போடும் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிற சின்னக் கம்பெனி. முதலாளி வெளிவேலையைப் பார்த்துக்கொள்வார். நிரல் எழுத நாங்கள் இரண்டு பேர்தான். எதிரெதிர் மேசை. நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவரும் சேர்ந்திருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னைச் சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். இத்தனை வருஷத்தில் அதற்குமேல் நெருங்கவும் இல்லை, அதற்குமேல் விலகவும் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துச் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் அவருக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அமைதியானவர், அதிர்ந்து பேசமாட்டார், இருக்கிற இடம் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ந்து பேசமாட்டாரா? கீழே டயர் பட்டறையில் சுத்தியலை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பார்ப்பார்கள், அப்படிப் பேசுவார். ஆனால் அவர் எதற்காகக் கத்தினார், வாழ்நாளெல்லாம் என்ன வேலை செய்தார் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் கையில் மைக்கைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்திருப்பேன். அவர் பாதியில் விட்டுப்போன வேலை இப்போது என் மேசையில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு சீசன் வருவதற்குள் அதை மூட்டை கட்டச் சொன்னார்கள். அது என்ன வேலை என்று, அவரை அறிந்த நீங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கணினிக்குள் ஒரு பெயர், எழுத்துகளை வரிசையாகக் கோத்த சரமாக இருக்கிறது. சரத்தில் பழைய வகை, புதிய வகை என்று உண்டு. பழையது ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. யூனிகோடு வந்த பிறகு எல்லா மொழி எழுத்தும் உட்காருகிற மாதிரி புதிய வகைகள் வந்தன. நாங்கள் நிரல் எழுதுகிற மொழியில் இரண்டும் இருக்கின்றன. புதியதை எடுத்துப் பழையதில் வைத்தால், அந்த மொழியே தானாக மாற்றிக்கொள்ளும். பெரிய லாரியில் வந்த சரக்கை நம்மைக் கேட்காமலே சின்ன வண்டிக்கு மாற்றுகிற மாதிரி. கொள்ளாத எழுத்தையெல்லாம் ரோட்டில் விட்டுவிட்டு, எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி ஆக்கித் தரும் கம்பைலர் மட்டும், இந்த இடத்தில் எழுத்து தொலையலாம் என்று ஒரு மஞ்சள் வரியில் எச்சரிக்கும். எச்சரித்தாலும் வேலை நிற்காது. எங்கள் நிரலில் அப்படிப் பக்கம் பக்கமாக மஞ்சள் வரிகள் கிடந்தன. ஓடுகிற வண்டிக்கு எதற்கு வைத்தியம் என்று நாங்கள் யாரும் அவற்றைப் படித்ததில்லை.

படிக்க வைத்தது ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்று. எடைச் சீட்டில் விவசாயி பெயர் தமிழில் வரும்படி புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்திருந்தோம். மறுநாள் காலையில் ஆலையிலிருந்து முதலாளிக்கு வந்த அழைப்பில் இருந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. மூவரும் காரில் ஓடினோம். மரவள்ளிக் கிழங்கு வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. அங்கே வண்டியை எடை போட்டதும், கொஞ்சம் கிழங்கை மாதிரிக்கு எடுத்து ஒரு பையில் போட்டு, எடைச் சீட்டை அதில் கட்டிவிடுவார்கள். அதை வைத்துத்தான் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். பாயிண்டைப் பொறுத்துத்தான் விலை. அன்றைக்கு எல்லாச் சீட்டிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வண்டி எண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒரே வாடகை டிராக்டர் காலையிலிருந்து நாலு பேர் காட்டுக் கிழங்கை மாறிமாறி ஏற்றி வரும். அதை வைத்து ஒன்றும் ஆகாது.

ஆலை கேட்டில் இருந்தவர் பெயரைப் படிக்க முடியாமல், “சாமி, உங்க பைய வந்து பாருங்க சாமி” என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் பெரியவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. நின்ற கூட்டம் மொத்தமும் நகர்ந்து வந்தது. சிலர் சிரித்தார்கள். ராசிபுரத்துப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “என்ற காட்டுக் கெழங்கு நல்ல பாயிண்டு வருமுங்க. அதைக் கொண்டுபோயி வேற ஒருத்தரு பேர்ல எழுதிப்போட்டா நான் ஆருகிட்டீங்க கேக்கறது?” என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

மேடம் கணினிப் பக்கமே போகவில்லை. ஆலை அலுவலகத்தில் ஒரு மார்க்கர் பேனாவை வாங்கிக்கொண்டு புழுதிக்குள் இறங்கினார். பைகள் இன்னும் அந்தந்த வண்டியோரமே கிடந்ததால் பிழைத்தோம். ஒவ்வொருவரிடமும் பேரைக் கேட்டு, “இன்னொருக்கா சொல்லுங்க” என்று கேட்டு, பையின்மேலேயே எழுதினார். எழுதியதை அவர்களுக்கே படித்தும் காட்டினார். வெயில் சாய்ந்த பிறகுதான் முடிந்தது. திரும்பும்போது முதலாளி, “பேசாம பேரை இங்கிலீசுலயே போட்டுறலாமுங்களே” என்றார். “கேள்விக்குறிக்கு ஞாபகம் கிடையாதுங்க சார்” என்றார் மேடம். “ஒரு தடவை மாறிட்டா, முன்னாடி அது ராமசாமியா ரங்கசாமியான்னு அந்தக் கேள்விக்குறியைக் கேட்டாச் சொல்லாது. எங்க மாறுதோ அங்க நிறுத்தணும்.”

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் வந்ததும், புது வேலை எதையும் தொடுவதற்கு முன்னால், ஒரு மஞ்சள் வரியைத் திறக்க வேண்டும். அவர் உரக்கக் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். “எங்கிருந்து வருது?” “டேட்டாபேஸ்லருந்துங்க.” “எங்க போகுது?” “பிரிண்டருக்குங்க.” “நடுவுல யாரு கை வெக்கறாங்க?” கை வைக்கிறவரைக் கண்டுபிடித்து, தானாக நடந்த மாற்றத்தை நீக்கிவிட்டு, எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு என்று வெளிப்படையாக எழுதி, மாற்ற முடியாத எழுத்து வந்தால் நின்று சொல்லும்படி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சர்ச் பூசையில் சாமியார் சொல்ல மக்கள் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு நாள் கிண்டல் செய்தேன். “பூசையிலகூட நீங்க இவ்வளவு ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டீங்க” என்றார். நான் பூசைக்குப் போகிற ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தானாக மாறுவதற்கு நாங்கள் வைத்த பெயர் கள்ள மாத்து. எழுதி மாற்றுவது நல்ல மாத்து. இந்த இரண்டு சொற்களையும் உலகத்தில் இரண்டு பேர்தான் பேசினோம். இப்போது நான் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் போன பிறகு வீட்டில் ஒருமுறை வாய்தவறி, “இன்னைக்கு ஒரு கள்ள மாத்துப் புடிச்சேன் கண்ணு” என்று சொன்னேன். ஏதோ போலீஸ் சமாச்சாரம் என்று என் மனைவி கதவைச் சாத்தினாள். மேடம் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்போம்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். தானாக மாறுவது என்பது சோம்பேறிக்காகக் கண்டுபிடித்தது அல்ல, எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதன் வேலை செய்ய முடியாது என்பது என் கட்சி. யூனிகோடிலேயே எழுதிவைக்கும் முறைகள் சில உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓர் எழுத்தும் தொலையாது. அதையும் கையால் எழுத வேண்டும் என்று அவர் நின்றபோது நான் விடவில்லை. “ஏனுங்க மேடம், ஊட்டுக்குள்ள இந்த ரூம்லருந்து அந்த ரூமுக்குப் போறதுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் போவோணுமா?” என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “ஊட்டுக்குள்ள நடந்துக்கலாம். வாசப்படி தாண்டினாக் கேக்கணும்” என்றார். என் பேச்சை என் கொச்சையிலேயே திருப்பித் தந்தார். சண்டையில் தோற்றதை அவர் ஒப்புக்கொள்ளும் விதம் அது.

அவர் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரே கோபித்துக்கொள்வார். எங்கள் பக்கம் பழனிசாமி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அதனால் தோட்டத்துப் பேரை முன்னால் வைத்து, கரட்டுத்தோட்டம் பழனிசாமி, பூசாரிக்காட்டுப் பழனிசாமி என்போம். மேடம் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். சீட்டில் பெயருக்கு இடம் ஒதுக்கும்போது தோட்டம் அவர் நினைவுக்கு வரவில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்குகிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு தமிழ் எழுத்துகூடக் கொள்ளாது என்பதையும் அந்த ஓரிடத்தில் விட்டுவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆலை ஒன்றில் பின்னால் வரும் ஆள் பெயர் வெட்டுப்பட்டு, சீட்டு முழுக்கத் தோட்டங்கள் வந்தன, ஆட்களைக் காணோம். ஒரே தோட்டத்தை அண்ணன் தம்பிகள் பிரித்து உழுகிற ஊர். எந்த அண்ணன், எந்தத் தம்பி என்று தெரியாமல் ஆலைக்குள்ளேயே பங்காளிச் சண்டை மூண்டது.

நாங்கள் போனபோது மேனேஜர், “மெசினு தப்புப் பண்ணிருச்சுங்களா?” என்று மரியாதையாகவே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். “மெஷின் ஒண்ணும் பண்ணலீங்க. நான்தான் எழுதினேன். என் தப்பு” என்றார் மேடம். அந்த மேனேஜர் கம்ப்யூட்டர்க்காரர்கள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை போலும். உடனே மோர் வரவழைத்தார். திரும்பும் வழியில் மேடம் சொன்னார்: “கள்ள மாத்து மட்டும்தான் கெடுக்கும்னு நெனச்சேன். நல்ல மாத்தும் ஆளைக் கேட்டுட்டுத்தான் பண்ணணும் சார்.” அதற்குப் பிறகு எந்த ஊரில் புதிதாகப் போட்டாலும், போடுவதற்கு முன்னால் எடைமேடையோரம் நின்று, அங்கே ஆட்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். பள்ளிபாளையத்தில் நூல் வண்டிக்காரர்கள் இவரை வருமானவரிக்காரம்மா என்று நினைத்து வாயே திறக்கவில்லை.

அவர் தன்னைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒருமுறை. பனமரத்துப்பட்டியில் ஓர் எடைமேடையைப் பார்த்துவிட்டு வரும்போது, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏரியில் தண்ணீர் இல்லை, சீமைக் கருவேலம்தான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எதற்காக ஆபீசுக்கு வருகிறீர்கள், ஓய்வெடுக்கக் கூடாதா என்று சும்மா கேட்டுவைத்தேன். “வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா என்கிட்டப் பேச அவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆபீசுல அந்த மஞ்ச வரியாவது, இங்க பாரு, இங்க ஒண்ணு தொலையப்போகுதுன்னு நம்மகிட்டச் சொல்லுது” என்றார். நானும் ஏரியைப் பார்த்தேன். இப்போது அந்த மஞ்சள் வரிகளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான், அவர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

போன வாரம் அவருடைய தம்பி அந்தோணி, அக்காவின் சாமான்களை எடுத்துப்போக அலுவலகம் வந்திருந்தார். லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். குடை, டிபன் டப்பா, மாதா படம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்தார். பை நிறையவில்லை. போகத் திரும்பியவர் நின்று, “தப்பா நெனைக்காதீங்க சார். அக்கா இங்க என்னதான் வேலை பாத்துச்சு? யாராச்சும் கேட்டா கம்ப்யூட்டருன்னு சொல்லிருவோம். அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது” என்றார்.

வாயால் சொல்லி விளங்காது என்று அவரை உட்கார வைத்தேன். மேடம் கை வைப்பதற்கு முந்திய பழைய நிரலை ஓடவிட்டு, அந்தோணி என்று அடித்துச் சீட்டு எடுத்துக் கையில் கொடுத்தேன். கேள்விக்குறிகளாக வந்தது. பிறகு மேடம் சரிசெய்ததை ஓடவிட்டு இன்னொரு சீட்டு எடுத்தேன். அந்தோணி என்று வந்தது. அவர் இரண்டு சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப இதை அக்காதான் பண்ணுச்சுன்னு அந்த ஆலைக்காரங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. பேர் சரியா வந்துட்டா அப்புறம் யாரும் யோசிக்க மாட்டாங்க.”

“லாரியிலயும் அப்படித்தான். லைட்டு எரிஞ்சா ஒயரை யார் பாக்கறா” என்றார். பெயர் வந்த சீட்டை விரலால் தடவினார். “ஒரு தடவை வீட்டுல சொல்லியிருக்கலாம் சார். நானும்தான் கேட்டதில்ல.” கேள்விக்குறிச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே டயர் பட்டறைக்காரர் ஒருவரிடம் அதை எடுத்துக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி நேற்று மாடிக்கு வந்தார். நல்ல மனிதர்தான். மேடத்தின் சவப்பெட்டியிலிருந்து கல்லறைக் குழி வரை ஓடி ஓடிச் செய்தவர். புதிய பதிப்பு சீசனுக்குள் ஆலைகளுக்குப் போயாக வேண்டும் என்பது அவர் கவலை. மேடம் கை வைக்காத பகுதி இன்னும் நிறைய இருக்கிறது. “அந்த மஞ்சளை ஒரே சுவிட்சுல அணைச்சுப்போடலாமாமுங்களே சாமி? ஓடறது ஓடட்டும். ஒத்தை ஆளா உக்காந்து எத்தனையைப் பாப்பீங்க?” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது. அணைத்துவிட்டால் திரை துடைத்துவிட்டது போல் இருக்கும். கள்ள மாத்து மட்டும் உள்ளே அப்படியே நடக்கும். இந்தச் சீசனிலேயோ அடுத்த சீசனிலேயோ யாரோ ஒரு அம்மா கேள்விக்குறியைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை வாசலில் நிற்பார்.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து முதலாளியிடம் சரிங்க என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் மேடம் சொல்லிவிடுவார், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நேற்றும் சரிங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“முடியாதுங்க” என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது, அவ்வளவு சத்தம். முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். என் பக்கம் அல்ல. எதிர் மேசையை, அந்தக் காலி நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்து என்னைப் பார்த்தார். கடைசியில், “சரிங்க சாமி, பாத்து முடிச்சுக் குடுங்க. ஆலைக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கினார்.

எப்படிச் சொன்னேன் பார்த்தீர்களா மேடம் என்று கேட்க அறையில் யாரும் இல்லை. அமலோற்பவம் அவர்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று ஜெபக்கூட்டத்தன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். அந்த ஒரு வார்த்தை. அதைச் சொன்ன குரல் என்னுடையது அல்ல என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி அது என்னிடம்தான் இருக்கும்.